மெதுவா ஓட வெக்கமா, மாப்ளே?

உக்காரு மாப்ளே. முதல்ல கையில கட்டியிருக்கிற அந்த வாட்சைக் கழட்டி பெஞ்சு மேல வை. நான் பேச ஆரம்பிச்சதுலேருந்து அது ரெண்டு தடவை நடுங்கிருச்சு, நீயும் ரெண்டு தடவை குனிஞ்சு பாத்துட்டே. கிழவன் பேசும்போது பேரப்பிள்ளைங்க குறுக்க பேசும், கோழி குறுக்க பேசும். கடிகாரமும் பேசுற காலம் வந்துருச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். 10 கிலோமீட்டரை 55 நிமிஷத்துல ஓடிட்டே. மெடலைக் கழுத்துல போட்டுக்கிட்டு, அபர்தீன் பஜார் மணிக்கூண்டைச் சுத்தி, தெரிஞ்சவன் கடை ஒண்ணு விடாம நின்னு நின்னு வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சுன்னு உங்க அத்தை சொன்னா. ஓட்டத்தை விட ஊர்வலத்துக்குத்தான் நேரம் அதிகம். தப்பே இல்லை. இந்த அந்தமான் தீவுல எனக்கு முதல் ரேஷன் கார்டு கிடைச்ச அன்னைக்கு நானும் அப்படித்தான் நடந்து வந்தேன்.

ஆனா வேர்வை காயுறதுக்குள்ள, "மாமா, அடுத்து ஃபுல் மாரத்தான், ஜனவரியில, சென்னையில"ன்னு வந்து நின்னே பாரு, அங்கதான் எனக்கு வெத்தலை தொண்டையில சிக்கிக்கிச்சு. இன்னைக்கு அக்டோபர் கடைசி. நடுவுல கிடக்கிறது பத்து வாரம். பந்தல் நல்லா போட்டா பத்து வாரத்துல பாகற்காய் காய்க்கும். மாரத்தான் காய்க்குமா?

பத்து ஏன்டா போதலைன்னு கேட்டா, "அடுத்த லெவல் போகணும் மாமா"ங்கிறே. இது இந்த ஊர்த் தண்ணி பண்ற வேலை. எங்க திரும்பினாலும் கவர்மெண்ட் உத்தியோகம். எல்.டி.சி.யா சேந்தவன் யு.டி.சி. ஆகணும், யு.டி.சி. ஹெட் கிளார்க் ஆகணும். அந்த ஏணியைத் தூக்கிட்டு வந்து ரோட்டுல சாத்திட்டீங்க. அஞ்சு கிலோமீட்டர் ஓடினா எல்.டி.சி. பத்து ஓடினா யு.டி.சி. இருபத்தொண்ணு ஓடினா ஹெட் கிளார்க். நாப்பத்திரெண்டு ஓடினா தனி ரூம், தலைக்கு மேல தனி ஃபேன். பத்துலயே பத்து வருஷம் இருந்துட்டா, பிரமோஷன் வராத ஆளுன்னு ஊரே பாவப்படும்.

நம்ம சைக்கிள் பிள்ளைங்களைப் பாரு. எசோ ஆல்பென் 2018-ல சுவிட்சர்லாந்துல ஏகிள்ங்கிற ஊர்ல நடந்த ஜூனியர் உலகப் போட்டியில, கெய்ரின் பந்தயத்துல வெள்ளி அடிச்சான். டெபோரா ஹெரால்டு, சுனாமி வந்தப்ப ஒம்பது வயசுப் பொண்ணு, மரத்துல ஏறி உயிர் தப்பினவ. வளந்து 500 மீட்டர் டைம் ட்ரையல்ல உலகத் தரவரிசையில நாலாவது இடம் வரைக்கும் போனா. 500 மீட்டர் மாப்ளே! நீ ஷூ லேஸ் கட்டி முடிக்கிறதுக்குள்ள அவ முடிச்சுருவா. அந்தப் பொண்ணுகிட்ட போய், "ஏம்மா, அடுத்த லெவல் எப்போ?"ன்னு கேட்டுட்டு வா. திரும்பி வந்தா மேற்கொண்டு பேசுவோம்.

தூரம் கூடினா கூடுறது தூரம் மட்டும்தான். கூடவே கால் நகம் ரெண்டு கறுத்து உதிரும். உக்கார்ற இடத்துலயும் உரசுற இடத்துலயும் எரிச்சல் எடுத்து தேங்காண்ணெய் பாட்டிலைத் தேடுவே. இதுக்குப் பேரு பிரமோஷன்னா, நான் எல்.டி.சி.யாவே ரிடையர் ஆனதுல எனக்கு வருத்தமில்லை.

"இல்ல மாமா... சும்மா ஒரு ஆசை"ன்னு தலையைச் சொறியிறியே, இந்த வார்த்தைக்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். ஆசைன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். லெவல்னு சொன்னாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அந்தப் பேப்பர்ல நீ போட்டு வச்சிருந்த கணக்கைப் பாத்தேன். பத்துக்கு 55 நிமிஷம். அதை 42.195-க்குப் பெருக்கினா 3 மணி 52 நிமிஷம். கணக்கு வாத்தியார் பாத்தா முழு மார்க். ஒரு மாடு வேளைக்கு நாலு லிட்டர் கறந்தா, பட்டினி போட்டுப் பத்து வேளை கறந்தாலும் நாப்பது லிட்டர் கறக்கும்கிற கணக்கு அது. மாடு சம்மதிக்கணும் இல்ல?

பீட் ரீகல்னு ஒரு அமெரிக்க எஞ்சினியர், அவரும் ஓடுற ஆளுதான். 1977-ல ஒரு சூத்திரம் எழுதினாரு. தூரம் ரெண்டு மடங்கு ஆனா நேரம் ரெண்டு மடங்கோட நிக்காது, அதுக்கு மேல ஒரு சின்ன வால் முளைக்கும்னாரு. என் பேத்தி அதை போன்ல தட்டிப் பாத்துச் சொன்னா: உன் பத்துக் கணக்குக்கு அரை மாரத்தான் 2 மணி 1 நிமிஷம், முழுசு 4 மணி 13 நிமிஷம். உன் பேப்பருக்கும் அவரு சூத்திரத்துக்கும் 21 நிமிஷம் இடிக்குது. அந்த 21 நிமிஷம் எங்க வந்து உக்காரும்னு நினைக்கிறே? வழி நெடுக மரியாதையா பரவியெல்லாம் உக்காராது. கடைசி பத்து கிலோமீட்டர்ல, நடு ரோட்டுல, மொத்தமா உன் மடியில வந்து உக்காரும். அதுவும் அந்தத் தூரத்துக்குன்னு மாசக்கணக்கா உடம்பைப் பழக்கினவனுக்குச் சொன்ன கணக்கு. பழக்காதவனுக்குச் சூத்திரம் கிடையாது. ஆட்டோதான்.

நான் இங்க வந்த கதை சொன்னேனா? சொல்லியிருப்பேன், பரவால்ல, இன்னொரு தடவை கேளு. ராமநாதபுரம் பக்கம் மூணு வருஷம் மழை இல்லை. கூட்டாளிங்களோட சென்னைக்கு வந்து கப்பல் ஏறினேன். பங்க் கிளாஸ். கடல் மேல மூணு நாள். எங்க கூட்டத்துல உன் வயசுல ஒரு பயில்வான். துறைமுகத்தை விட்டுக் கப்பல் நகர்ந்ததுதான் தாமதம், மேல்தட்டுக்கு ஓடுறான், கீழ வர்றான், கேண்டீன்ல ஆறு பூரி, மறுபடி மேல்தட்டு. "கடல்னா இவ்வளவுதானாய்யா?"ங்கிறான். அவனுக்கு எதிர் பங்க்ல ஒரு ஆத்தா. கையில ஒரு எலுமிச்சம்பழம். படுத்தது படுத்தபடி, ஒரு வார்த்தை பேசலை. ரெண்டாம் நாள் நடுக்கடல். பயில்வான் வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கான். ஆத்தா எழுந்து உக்காந்து, அவன் நெத்தியைத் தடவிவிட்டு, "பாவம், உனக்குத்தான் இறங்காதே"ன்னு அவன் பங்குச் சோத்தையும் வாங்கிச் சாப்பிட்டுச்சு. போர்ட் பிளேர்ல ஆத்தா மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு விறுவிறுன்னு இறங்கிப் போயிருச்சு. பயில்வானை ரெண்டு பேர் கைத்தாங்கலா இறக்குனாங்க.

அந்தப் பயில்வான் யாருன்னு உங்க அத்தைகிட்ட மட்டும் கேக்காதே.

மாரத்தானுக்கும் முதல் இருபத்தஞ்சு கிலோமீட்டர் கரையோரக் கடல் மாதிரிதான். "இவ்வளவுதானா"ன்னு தோணும். நம்ம ஊர்ல கப்பல் லேட்டானா என்ன ஆகுதுன்னு பாத்திருக்கே இல்ல? முதல் ரெண்டு நாள் ஒண்ணும் தெரியாது, கடையில வெங்காயம் குமிஞ்சுதான் கிடக்கும். அப்புறம் கடைக்காரன் குரல் மாறும். அப்புறம் விலை மாறும். அப்புறம் வெறும் சாக்கு. உடம்பும் ஒரு தீவுதான் மாப்ளே. சதையிலயும் ஈரல்லயும் சேத்து வச்சிருக்கிற சர்க்கரை ஏறக்குறைய முப்பது, முப்பத்திரெண்டு கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் குடோன் காலி. கொழுப்பு இருக்கே, அதை எரிக்கலாமேன்னா, அது மூட்டை மூட்டையா இருக்கு, ஆனா ஈர விறகு. மெதுவா ஊதி ஊதித்தான் பத்தும். ஆரம்பத்துலயே பறக்கிறவன் சர்க்கரையை வாரி இறைச்சுடுறான். நிதானமா போறவன் ஈர விறகையும் கூடச் சேத்து எரிச்சு, சர்க்கரையை மிச்சம் பிடிக்கிறான். குடோன் காலியாகிற அந்த இடத்துக்குத்தான் ஓடுறவங்க சுவர்னு பேர் வச்சிருக்காங்க. பத்து ஓடுறவன் அந்தச் சுவரைக் கண்ணால கண்டதே இல்லை. அதனால அப்படி ஒண்ணு இல்லைங்கிறான்.

அந்த 42.195-ங்கிற அளவு வந்த கதை தெரியுமா? 1896-ல ஏதென்ஸ் ஒலிம்பிக்ல முதல் தடவை ஓடினப்ப சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908-ல லண்டன்ல, விண்ட்சர் கோட்டையில தொடங்கி ஸ்டேடியத்துல ராஜ குடும்பம் உக்காந்திருக்கிற மாடத்துக்கு எதிர்ல முடியணும்னு அளந்தாங்க, 42.195 வந்துச்சு. 1921-ல அதையே சட்டமாக்கிட்டாங்க. ராஜா வீட்டு வாசலுக்கும் மாடத்துக்கும் நீட்டின கயிறு, இன்னைக்கு டெலானிபூர் மேட்டுல உன் மூச்சை இழுக்குது. வெள்ளைக்காரன் போயிட்டான்னு யாரு சொன்னா?

அதே 1908-ல ஸ்டேடியத்துக்குள்ள முதல்ல வந்தவர் டொராண்டோ பியெட்ரின்னு ஒரு இத்தாலிக்காரர், மிட்டாய்க் கடையில வேலை பாத்தவர். உள்ள வந்ததும் தப்பான பக்கம் திரும்பினாரு. விழுந்தாரு, எழுந்தாரு, மறுபடி விழுந்தாரு. பாத்துக்கிட்டு இருந்த அதிகாரிங்க மனசு கேக்காம தாங்கிப் பிடிச்சு கோட்டைத் தாண்ட வச்சாங்க. தாங்கிப் பிடிச்சது தப்புன்னு மெடல் பறிபோச்சு. அலெக்ஸாண்ட்ரா ராணி மறுநாள் ஒரு கோப்பை கொடுத்து மனசைத் தேத்துனாங்க. உனக்குக் கோப்பை கொடுக்க ராணி வரமாட்டாங்க. தாங்கிப் பிடிக்க நான் வரணும், எனக்கோ முட்டி வலி.

"ஜாட்டோபெக் முதல் மாரத்தான்லயே தங்கம் வாங்கலியா மாமா?" ஆமா, அதையும் படிச்சுட்டு வந்துட்டியா! வாங்கினாரு. 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். ஆனா அந்த வாரத்துல அவரு ஏற்கெனவே 5,000 மீட்டரும் 10,000 மீட்டரும் ஜெயிச்சு முடிச்சிருந்தாரு. பயிற்சியில 400 மீட்டரை ஒரே நாள்ல நாப்பது, அறுபது தடவை ஓடின ஆளு, பட்டாள பூட்ஸ் போட்டெல்லாம் ஓடினவரு. முதல் மாரத்தான்கிறது பேருக்குத்தான். நீ அவரு கதையில கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு, முன்னூறு பக்கத்தை எலி தின்னுருச்சுங்கிறே.

நம்ம நாட்டுல சிவநாத் சிங். பீகார்க்காரர், பட்டாளத்துக்காரர், வெறுங்காலோட ஓடினவர். 1974 டெஹ்ரான் ஆசியப் போட்டியில 5,000 மீட்டர்ல தங்கம், 10,000-ல வெள்ளி. அதுக்கப்புறம்தான் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தான், பதினோராவது இடம். 1978-ல ஜலந்தர்ல 2 மணி 12 நிமிஷம். நாப்பது வருஷத்துக்கு மேல அந்தக் கணக்கை இந்தியாவுல ஒருத்தனும் தொடலை. அந்தப் பக்கம் கென்யாவுல கிப்சோகே. 2003-ல 5,000 மீட்டர்ல உலக சாம்பியன், வயசு பதினெட்டு. முதல் மாரத்தான் ஓடினது 2013-ல. நடுவுல பத்து வருஷம். நீ கேக்கிறது பத்து வாரம். உனக்கு அவரை விட அவசரம். அவருக்கு லீவு கிடைச்சிருக்கும் போல.

இந்தத் தீவு மண்ணுலயே ஒரு ஓட்டம் நடந்திருக்கு. அதைச் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல எனக்கு வாய் வராது. 1858 மார்ச் மாசம் முதல் கைதிக் கப்பல் வந்துச்சு, 200 பேர். கொஞ்ச நாள்லயே கூட்டம் கூட்டமா காட்டுக்குள்ள தப்பி ஓடினாங்க. காட்டைத் தாண்டினா பர்மா வந்துரும்னு பல பேர் நம்பினாங்க. தரையிலயே பர்மாவுக்கு வழி இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க, இவங்களும் நடந்திருக்காங்க. காடு முடிஞ்ச இடத்துல கடல் நின்னுச்சு. பசி, நோய், அம்பு. பிடிபட்டவங்கள்ல 80 பேருக்கு மேல ஒரே நாள்ல தூக்குல போட்டான் அன்னைக்கு இருந்த துரை. துத்நாத் திவாரின்னு ஒருத்தர் அந்தமான் ஆதிவாசிங்களோட ஒரு வருஷம் போல வாழ்ந்துட்டுத் திரும்பினாரு, அது தனிக் கதை. அவங்களுக்கு ஓடுறதைத் தவிர வேற வழி இல்லை, தூரத்தைச் சொல்லவும் ஆள் இல்லை. உனக்கு மணிக்கட்டுலயே தூரம் எழுதியிருக்கு.

சரி, அதை விடு. தண்ணி குடி. நான் உனக்குச் சொல்ல வந்த ஆளு வேற ஒருத்தர்.

ஆஸ்திரேலியாவுல கிளிஃப் யங்னு ஒரு உருளைக்கிழங்கு விவசாயி. 1983-ல சிட்னியிலேருந்து மெல்போர்ன் வரைக்கும் ஒரு பந்தயம். எவ்வளவுன்னு நினைக்கிறே? 875 கிலோமீட்டர். இவருக்கு வயசு 61. மத்தவங்க எல்லாம் பயில்வானுங்க. இவரு பண்ணையில முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு ஆடு விரட்டிப் பழகின மனுஷன். ஓடுறப்ப பல் செட்டு கடகடன்னு ஆடுதுன்னு அதைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. இந்த இடத்துலயே எனக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு.

துப்பாக்கி வெடிச்சதும் மத்தவங்க பாய்ஞ்சாங்க. இவரு செருப்பைத் தேடிப் போறவன் மாதிரி காலைத் தரையோட இழுத்து இழுத்து... அதை ஓட்டம்னு சொல்ல அவரு பெத்த தாய்க்கே மனசு வந்திருக்காது. பாத்தவங்க சிரிச்சாங்க. சிரிச்சா என்ன? ராத்திரி ஆச்சு, மத்தவங்க படுத்துத் தூங்கினாங்க. இவரு காலை இழுத்துக்கிட்டே போனாரு. 5 நாள் 15 மணி நேரத்துல மெல்போர்ன். முதல் ஆளு. ரெண்டாவது வந்தவனுக்கு இன்னும் பல மணி நேரப் பாதை பாக்கி. 10,000 டாலர் பரிசைக் கையில கொடுத்தா, "பணமெல்லாம் உண்டா?"ன்னு மத்த ஓட்டக்காரங்களுக்கே பங்கு போட்டுட்டாரு. அப்புறம் அந்தக் காலிழுக்குற நடையை பல பேர் பாத்துப் பழகினாங்கன்னு சொல்றாங்க. உடம்பு மேலயும் கீழயும் குதிக்காததால சக்தி மிச்சமாகுதாம்.

இதைக் கேட்டுட்டு நாளையிலேருந்து தூங்காம ஓடாதே. நான் சொல்ல வந்தது தூக்கத்தை இல்லை, அந்த நடையை. அத்தனை பேர் சிரிச்சும் அந்த மனுஷன் நடையை மாத்தலை. உன்னால முடியுமா? உன் கோளாறு காலுல இல்லை மாப்ளே, வெக்கத்துல இருக்கு. நான் பாத்திருக்கேன். தெரு முனை வரைக்கும் ஒழுங்காத்தான் வர்றே. மெரினா பார்க் வந்ததும், வாக்கிங் வர்ற உங்க ஆபீஸ் சூப்பரின்டெண்டெண்ட் கண்ணுல பட்டதும், நெஞ்சு நிமிருது, கால் பறக்குது. அவரு அந்தப் பக்கம் திரும்பினதும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. உன்னை ஒரு சின்னப் பொண்ணு தாண்டிப் போனா, அன்னைக்கு உன் நீண்ட ஓட்டம் கெட்டுது. யாரோ வாட்ச் கணக்கைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு மெதுவா ஓடவேண்டிய நாள்லயும் வேகமா ஓடுறே. மெதுவா ஓடுறதுக்கு நெஞ்சுத் தைரியம் வேணும், மாப்ளே.

ஜிர்காடாங் செக்போஸ்ட்ல கான்வாய் போயிருக்கே இல்ல? 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல கூடாது, ஓவர்டேக் கூடாது, நிறுத்தக் கூடாது. எந்தப் பெரிய கார்காரனும் வரிசையில வாலைச் சுருட்டிக்கிட்டுத்தான் போகணும். அது ஜாரவா ஆதிவாசிங்க வீடு, அடுத்தவங்க வீட்டு வழியா போறோம், அதனால அடக்கம். இருபத்தொண்ணும் நாப்பத்திரெண்டும் உனக்கு அடுத்தவன் வீடு. பத்துதான் உன் வீடு, அங்க லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடிக்கோ.

இந்த ஊர்க் காத்து வேற. வருஷம் பூரா துணி காயாத காத்து. வேர்வை காஞ்சாத்தான் உடம்பு குளிரும். இங்க அது காயுறதில்லை, சொட்டுது. காயுற வேர்வை காசு, வடியுற வேர்வை வீண். அதனால மெயின்லேண்ட்ல டிசம்பர்ல ஓடுறவன் கணக்கைப் பாத்து இங்க பேஸ் வைக்காதே. மே மாசத்துல அஞ்சு மணிக்கே சூரியன் வாசல்ல நிக்கும், அதுக்கு முன்னாடி கிளம்பணும். தண்ணியும் வெறி பிடிச்சுக் குடிக்காதே. 2002-ல பாஸ்டன்ல ஓடி முடிச்ச 488 பேர் ரத்தத்தை எடுத்துப் பாத்தாங்க. நூத்துக்குப் பதிமூணு பேருக்கு ரத்தத்துல உப்பு கொறைஞ்சிருந்துச்சு. வழி நெடுக தண்ணியை ஊத்திக்கிட்டே போனவங்களுக்குத்தான் அது அதிகம். தாகம் எடுத்தா குடி, உப்பும் போட்டுக் குடி. நீராகாரத்துல உப்பு போட்டு ஒரு சொம்பு குடிச்சுட்டு வயலுக்குப் போனவங்களுக்கு யாரும் ஆராய்ச்சி பண்ணிக் காட்டலை. அதுக்காக எல்லாமே நம்ம தாத்தனுக்குத் தெரியும்னும் நான் சொல்லலை, எங்க தாத்தா அறுபதுல போய்ச் சேந்துட்டாரு.

இன்னொண்ணு. மூச்சு சீக்கிரம் பழகிரும், அதுதான் ஆபத்து. ஆறு வாரத்துல நெஞ்சு "நான் ரெடி"ங்கும். எலும்பும் குதிகால் நரம்பும் மாசக்கணக்கு கேக்கும். நெஞ்சு எம்.எல்.ஏ. மாதிரி, உடனே வாக்குக் கொடுத்துரும். வேலை செய்யப் போறது எலும்பு, அதுகிட்ட யாரும் கேக்கிறதில்லை. அதனால வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் நீளம், ஒரு தடவைக்கு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கூட்டாதே. மூணு வாரம் ஏத்தினா நாலாவது வாரம் இறக்கு. பந்தயத்துக்கு முந்தின ரெண்டு வாரம் கொறைச்சுக்கோ, கை அரிக்கும், சொறிஞ்சுக்கோ, ஓடாதே. வர்ற ஜனவரிக்கு அரை மாரத்தான். முழுசு அதுக்கடுத்த ஜனவரிக்கு. நாப்பத்திரெண்டு எங்கயும் ஓடிப் போகாது. அதுக்குத்தான் காலே கிடையாதே.

இவ்வளவும் வராண்டாவுல வச்சு நான் அவனுக்குச் சொன்னது. தலையை ஆட்டிக்கிட்டே கேட்டான். அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்துட்டதா ரெண்டாம் நாள் வந்து சொன்னான். எனக்கே ஆச்சரியம். நான் சொல்லி ஒருத்தன் கேக்கிறது இந்த வீட்டுல புதுசு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலேருந்து நான் என் பழைய சைக்கிளை எடுத்துக்கிட்டு அவன் பக்கத்துலயே போறேன். வாட்ச் என் சட்டைப் பையில இருக்கும். அவனுக்கு ஒரே ஒரு சட்டம்: கிளம்பினதுலேருந்து திரும்புற வரைக்கும் ஊர்க் கதை சொல்லிக்கிட்டே ஓடணும். வாக்கியம் பாதியில உடைஞ்சா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், அந்த இடத்துலயே நடக்கணும். முதல் வாரம் கார்பின்ஸ் கோவ் ரோட்டுல சயின்ஸ் சென்டர் மேடு வர்றதுக்குள்ள எட்டு இடத்துல வாக்கியம் உடைஞ்சுச்சு. ஒரு கல்யாணத்துல சண்டை வந்த கதை, மாப்பிள்ளை வீட்டுக்காரன் கையை ஓங்கின இடத்துல நின்னு போயிருச்சு. அடிச்சானா இல்லையான்னு தெரியாம நான் ரெண்டு நாள் தவிச்சேன்.

மூணாவது வாரம் லேசா தூறல். கடல் பக்கம் காத்து சும்மா இருந்துச்சு. ஜங்லிகாட்டுல மீன் விலை, பக்கத்து வீட்டு மாடித் தகராறு, அவன் ஆபீஸ்ல யாரு யாருக்கு எதிரா பெட்டிஷன் எழுதினான்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. காலை இழுத்து இழுத்து வர்றான், அசல் உருளைக்கிழங்கு விவசாயி நடை. எதிர்ல சூப்பரின்டெண்டெண்ட் வந்தாரு. இவன் நடையை மாத்தலை, குட்மார்னிங் மட்டும் சொன்னான். கார்பின்ஸ் கோவ்ல திரும்பி, சவுத் பாயிண்ட் தாண்டி வர்றப்ப கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"என்னடா, கதை தீந்துருச்சா?"

"ஒண்ணு பாக்கி இருக்கு மாமா. திட்டக் கூடாது."

"சொல்லு."

"அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்தேன்னு சொன்னேன் இல்ல, அது பொய். உங்ககிட்ட யோசனை கேக்க வர்றதுக்கு முன்னாடியே முழுசுக்குப் பணம் கட்டிட்டேன். கப்பல் டிக்கெட்டும் போட்டாச்சு. அத்தைக்குத் தெரியும். உங்களுக்குத்தான் எப்படிச் சொல்றதுன்னு..."

சைக்கிளை நிறுத்தலை. சட்டைப் பையிலேருந்து வாட்சை எடுத்துப் பாத்தேன்.

"எத்தனாவது கிலோமீட்டர்டா இது?"

"பதிமூணு இருக்கும் மாமா."

"இவ்வளவு நீளத்துக்குச் சொன்னியே, மூச்சு வாங்கலியா?"

"இல்ல மாமா."

"அத்தைக்கு எப்பலேருந்து தெரியும்?"